வீட்டில் மின்கித்தார் ஒலிப்பதிவு

கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் சொந்தமாகவே இசைக்குழு வைத்திருந்த தோட்டங்கள் நெகிரி செம்பிலானில் பல இருந்தன. பகலில் பால்மரம் வெட்டியவர்களே இரவில் மேடையேறி வாசித்தார்கள். இன்று கணினியும் கைப்பேசியும் எட்டும் விலைக்கு வந்துவிட்டமையால், இளைஞர்கள் தங்கள் பாடல்களைத் தாங்களே வீட்டில் பதிவு செய்ய முற்படுகின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆயினும் மின்கித்தார் வாசிக்கும் இளைஞர்கள் பலர் நம்மிடம் கூறும் குறை ஒன்று உண்டு: “வாசிக்கும்போது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. பதிவைப் போட்டுக் கேட்டால் கொசு ரீங்காரம் செய்வதுபோல் இருக்கிறது.”

இக்குறையை நமக்கு எடுத்துரைத்தவர்களுள் ஒருவர், சிலியாவ் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த இளைஞர். அவருடைய தந்தையார் அத்தோட்டத்து இசைக்குழுவில் கித்தார் வாசித்தவர். அக்குழு வாசித்ததற்குச் சான்றாக இருந்தது ஒரேயோர் ஒலிநாடா. அதுவும் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போயிற்று. தோட்ட நிலம் வேறு பயனுக்கு மாறவிருப்பதால் லயங்களைக் காலி செய்யும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் தந்தையின் வாசிப்பை, அந்த வீட்டிலேயே, ஒழுங்காகப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது மகனின் விருப்பம். கொசு ரீங்காரத்தைப் போக்குவதற்காக அவர் சம்பளப் பணத்தில் மூன்று பெடல்கள் வாங்கியிருந்தார். நான்காவதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். நாம் அவரைச் சற்றுப் பொறுக்கச் சொன்னோம்.

பால்மரம் வெட்டுவோருக்கு இதன் காரணத்தை விளக்குவது எளிது. மங்கில் விழும்போதே மண்ணும் பட்டையும் கலந்துவிட்ட பாலை ஆலைக்குக் கொண்டுபோய் எத்தனை முறை வடிகட்டினாலும் அது முதல் தரப் புகைஷீட்டாக வருவதில்லை. கணினியில் செய்யும் ஒலிக்கலவை ஆலை வேலையைப் போன்றது. கித்தாரின் தொனி தீர்மானிக்கப்படுவதோ மரத்தடியில்: வாசிப்பவரின் விரலில், கம்பியில், ஒலிபெருக்கியின் கூம்பில், அக்கூம்புக்கு முன்னால் ஒலிவாங்கியை வைக்கும் இடத்தில். இவற்றைச் சரிசெய்யப் பெரும்பணம் தேவையில்லை. மாலை வேளை ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

வீட்டில் செய்யும் பதிவு தரத்தில் தாழ்ந்தது என்று எண்ண வேண்டியதில்லை. அமெரிக்கக் கித்தார் கலைஞர் லெஸ் பால், தம் வீட்டுக் கார்க்கொட்டகையில் ஒரு கித்தார் வாசிப்பின்மேல் மற்றொன்றை அடுக்கடுக்காகப் பதிவு செய்து, 1948-ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வெளியிட்டார். அவ்வேலையை அவர் செய்தது காந்த நாடாவில் அன்று, தட்டுகளில். ஒரு தட்டில் பதிந்ததை ஒலிக்கவிட்டு, அதனுடன் சேர்ந்து வாசித்து, அடுத்த தட்டில் பதிந்தார். தமிழுலகிலும் சான்று உண்டு. சென்னையில் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டி அமைத்த ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானதே 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் இசை. அவ்விசைக்குத் தேசிய விருது கிடைத்தது. ரகுமானின் கூடத்தில் இருந்த கருவிகள் நம்மிடம் இல்லைதான். லெஸ் பாலின் கொட்டகையில் இருந்தவற்றைக் காட்டிலும் வசதியானவை இன்று நம் கைப்பேசியிலேயே உள்ளன.

வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இதைப் படிக்காமல் அடுத்த பகுதிக்குத் தாண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கித்தார்க் கம்பிகள், பிளக்கின் மூன்றாவது முனையாகிய நிலக்கம்பியுடன் ஒலிபெருக்கியின் வழியாக இணைந்துள்ளன. அந்த நிலத்தொடர்பு அறுபட்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் பழுது ஏற்பட்டால், கம்பிகளிலேயே மின்சாரம் பாயக்கூடும். 1972 மே 3-ஆம் நாள் பிரிட்டனில் சுவான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்னும் கித்தார்க்காரர், நிலத்தொடர்பு சரியில்லாத ஒலிவாங்கியை ஈரக்கையுடன் தொட்டு உயிரிழந்தார். 1976-இல் கீத் ரெல்ப் என்னும் பாடகர் தம் வீட்டில் கித்தார் வாசித்துக்கொண்டிருக்கையில் மின்சாரம் தாக்கி மாண்டார். “ரப்பர்ச் செருப்பு அணிந்திருக்கிறேனே” என்று நம்மவர் சிலர் துணிவுடன் கூறுவர். ஒரு கையில் கித்தார்க் கம்பி, உதட்டருகே ஒலிவாங்கி என்று இருக்கும்போது மின்சாரம் கைவழியே புகுந்து வாய்வழியே வெளியேறும். காலுக்கு வர வேண்டிய அவசியமே அதற்கில்லை. ஆகவே மூன்று முனைப் பிளக்கின் நிலமுனையை ஒருபோதும் உடைத்தோ, கழற்றியோ பயன்படுத்தலாகாது. இரைச்சலைக் குறைக்க அம்முனையைத் துண்டிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதைவிடப் பேதைமை வேறில்லை. வீட்டு மின்பெட்டியில் ‘ஈ.எல்.சி.பி.’ எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, மின்சாரம் உடனே நிற்கிறதா என்று அறிந்துகொள்ளுங்கள். பிற்பகல் இடிமழையின்போது எல்லா இணைப்புகளையும் கழற்றிவிடுவது நலம்.

இனிக் கம்பிக்கு வருவோம். நம் நாட்டு ஈரக்காற்றும் கை வியர்வையும் கம்பியை விரைவில் மங்கவைக்கும். துருவேறிய கம்பியில் மேலோசைகள் மடிந்துபோகும். பின்னர்க் கணினியில் எவ்வளவு கூர்மை ஏற்றினாலும் கிடைப்பது கரகரப்பே. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடைத்து வைத்தால் அவை நெடுநாள் உழைக்கும். பதிவு நாளுக்கு ஓரிரு நாள் முன்னதாகப் புதுக்கம்பி மாட்டி, நன்றாக இழுத்துப் பழக்கிவிட வேண்டும். ஒவ்வொரு முறை பதிவு செய்யுமுன்னும் சுருதி பார்த்தல் வேண்டும்; அடிமட்டத்தில் மட்டுமன்றி, கழுத்தின் 12-ஆம் கட்டையில் அழுத்தியும் பார்க்க வேண்டும். அங்கே சுருதி விலகினால் பாலத்திலுள்ள சிறு திருகுகளைச் சரிசெய்தாக வேண்டும். சுருதி விலகிய கித்தாருக்கு நல்ல தொனி என்பது கிடையாது.

கித்தாரின் வயிற்றில் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட ‘பிக்-அப்’ இருப்பதை அறிவோம். ஒற்றைச்சுருள் பிக்-அப் தெளிவாக ஒலிக்கும். ஆனால் சுற்றிலுமுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். நம் நாட்டில் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவதால், அவ்விரைச்சல் 50 ஹெர்ட்சிலும் அதன் மடங்குகளிலும் ‘உம்ம்’ என்று கேட்கும். இதை ஒழிக்க 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் என்னும் பொறியாளர், காந்தமுனை எதிராகவும் சுற்று எதிராகவும் அமைந்த இரட்டைச்சுருளை வடிவமைத்தார். இரண்டு சுருள்களும் வாங்கும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கம்பியின் ஒலி மட்டும் கூடும். ஒற்றைச்சுருள் உடையவர்கள் வருந்த வேண்டியதில்லை. குழல்விளக்கை அணைத்து, கைப்பேசியைத் தள்ளிவைத்து, அமர்ந்த நிலையிலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் இரைச்சல் பெரிதும் அடங்கும். அத்திசை நோக்கி அமர்ந்தே வாசியுங்கள். சிலியாவ் வீட்டில் அத்திசை சமையற்கட்டை நோக்கியதாக இருந்தது.

அடுத்தது, இளைஞர்கள் ‘ஆம்ப்’ என்றழைக்கும் ஒலிபெருக்கி. ஒலியைக் கரகரப்பாக்கும் முறை தற்செயலாகப் பிறந்ததெனலாம். பழுதான ஒலிபெருக்கிகளின் உறுமலைச் சிலர் விரும்பினர். 1964-இல் லண்டனின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், தம் சிறிய ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைச் சவரத்தகட்டால் கீறியே அந்த உறுமலைப் பெற்றார். இன்று அதற்கெனத் திருகு உண்டு. தனியே வாசிக்கையில் அத்திருகை எவ்வளவு ஏற்றினாலும் இனிக்கும். ஆனால் அது ஏற ஏற, மெல்ல மீட்டியதற்கும் வலுவாக மீட்டியதற்கும் வேறுபாடு மறையும். பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும்போது சுரங்கள் ஒன்றோடொன்று மோதிச் சேறாகும். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலாகப் போனால் பால் வடியாது. வெட்டின் ஆழத்தைக் கை அறிவதுபோல் இத்திருகையும் அறிய வேண்டும். மேடையில் பிடித்த அளவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பதிவு செய்யுங்கள் என்பது நம் பரிந்துரை. இரண்டு முறை வாசித்து அடுக்கும்போது குறைத்த கனம் தானே வந்து சேரும்.

சத்தத்தின் அளவைப் பற்றியும் பேசியாக வேண்டும். லயத்து வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒரே சுவர். அடுத்த வீட்டுக்காரர் விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் செல்ல வேண்டியவர். இரவு ஒன்பது மணிக்குமேல் ஒலிபெருக்கியை முழக்கி அவருடைய உறக்கத்தைக் கெடுப்பதற்கு எந்தக் கலையின் பெயராலும் உரிமையில்லை. நல்லவேளையாக, பதிவுக்குப் பெருஞ்சத்தம் தேவையில்லை. ஒலிவாங்கி கூம்புக்கு மிக அருகில் இருப்பதால், பேச்சுக்குரலைவிடச் சற்றே உயர்ந்த ஒலியே போதுமானது. பக்கத்து வீட்டாரை வாட்டுவது பெரும்பாலும் காற்றுவழி செல்லும் ஒலியன்று. தரைவழியாகவும் சுவர்வழியாகவும் ஏறும் அதிர்வே. ஒலிபெருக்கியின் நான்கு மூலைகளின் கீழும் தடித்த, மெத்தென்ற ரப்பர்த் துண்டுகளை வைத்தால் அவ்வதிர்வு தரைக்கு இறங்குவது குறையும்.

ரப்பரின் இக்குணம் சிறு செய்தியன்று. லண்டனில் சுரங்க இரயில் நிலையமொன்றின் நேர்மேலே அமைந்த ‘அல்பனி கோர்ட்’ என்னும் அடுக்குமாடிக் கட்டடம், 1966-இல் இயற்கை ரப்பர்த் தாங்கிகளின்மீது எழுப்பப்பட்டது. கீழே இரயில் ஓட, மேலே மக்கள் உறங்குகின்றனர். மலேசிய ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் இங்கிலாந்திலுள்ள தங்கள் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய இத்தகைய தாங்கிகள், 1985-இல் கலிபோர்னியாவில் கட்டி முடிக்கப்பட்ட நீதிமன்றக் கட்டடமொன்றை நிலநடுக்கத்திலிருந்து காக்க அதன் அடித்தளத்தில் இடப்பட்டன. நம் கைபட்டு வடிந்த பால் அவ்வளவு தூரம் சென்று பயன்படுகையில், நம் வீட்டு ஒலிபெருக்கியின் கீழும் அது கிடக்கட்டுமே.

இப்போது இப்பாடத்தின் மையத்துக்கு வருகிறோம். வாசிக்கையில் இனிக்கும் ஒலி பதிவில் ஏன் கொசுவாகிறது?

சிலியாவ் வீட்டில் ஒலிபெருக்கி தரையில் இருந்தது. இளைஞர் நின்றுகொண்டு வாசித்தார். அவர் செவி இருந்ததோ கூம்புக்கு ஒரு மீட்டருக்கும் மேலான உயரத்தில். கூம்பிலிருந்து புறப்படும் தாழ்ந்த ஓசைகள் எல்லாப் பக்கமும் பரவும். கூரிய மேலோசைகளோ கைவிளக்கின் ஒளியைப்போல் நேராகவே பாயும். அவை அவர் கணுக்காலில் பட்டுச் சென்றன, செவியை எட்டவில்லை. எட்டாத கூர்மையை எட்டவைக்க அவர் மேலோசைத் திருகை ஏற்றிக்கொண்டே போனார். ஒலிவாங்கியோ கூம்பின் நட்டநடுவே, ஒளியின் நேர்முகத்தில் இருந்தது. செவிக்குப் போதவில்லை என்று ஏற்றிய கூர்மை முழுவதும் ஒலிவாங்கியின் வாயில் விழுந்தது. ரீங்காரம் பிறந்தது அங்கேதான்.

நாம் அவரை மண்டியிட்டு அமரச் செய்து, ஒலியைத் தாழ்த்தி, கூம்பின் எதிரே செவியை வைத்துக் கேட்கச் சொன்னோம். ஒலி உயர்ந்திருக்கையில் இவ்வாறு செய்தல் கூடாது; செவி கெடும். அவர் முகம் சுளித்தார். “இவ்வளவு நாளும் இதுதான் பதிவானதா, ஐயா?” என்றார். அதுவே பதிவானது. மேலோசைத் திருகைப் பாதியாகக் குறைத்து, ஒலிபெருக்கியை ஒரு மர நாற்காலியின்மேல் ஏற்றி வைத்தோம். அவருடைய தந்தையார் திண்ணையிலிருந்தபடியே, “இப்போதுதான் கித்தாராகக் கேட்கிறது” என்றார்.

பின்னர் ஒலிவாங்கிக்கு இடம் தேடினோம். எந்த ஒலிவாங்கி என்று கேட்பீர்கள். 1965-இல் ஷூர் நிறுவனம் வெளியிட்ட எஸ்.எம்.57 என்னும் வகை இன்றும் உலகெங்கும் கித்தார் ஒலிபெருக்கிகளின் முன் வைக்கப்படுகிறது. கிடைத்தால் நன்று; இல்லையேல், இசைக்குழுவில் பாடுவதற்குப் பயன்படுத்தும் ஒலிவாங்கியே பெரும்பாலும் போதும். ஒலிபெருக்கியின் முகத்துணியிலிருந்து மூன்று விரற்கடைத் தொலைவில் அதை நிறுத்துங்கள். கூம்பின் நடுவில் ஒலி கூர்மையாகவும், விளிம்பை நோக்கி நகர நகர மென்மையாகவும் கனமாகவும் இருக்கும். மிக நெருங்கினால் தாழ்ந்த ஓசைகள் பெருகும், விலகினால் மெலியும். ஒரு திசையில் மட்டும் ஒலி வாங்கும் ஒலிவாங்கிகளின் இயல்பு அது. ஆகவே இடமும் தொலைவும் இரண்டு திருகுகளுக்கு ஒப்பானவை. கணினியிலுள்ள எந்தத் திருகைக் காட்டிலும் நேர்த்தியானவை.

இதற்கு நாம் கையாண்ட முறை இது. மூன்று நொடி வாசிப்பு ஒன்றைத் தேர்ந்துகொண்டோம். “நடு” என்று வாயால் சொல்லிப் பதிவு செய்து, வாசித்தோம். ஒரு விரற்கடை நகர்த்தி, “ஒன்று” என்று சொல்லி மீண்டும் வாசித்தோம். இவ்வாறே விளிம்பு வரை சென்றோம். பின்னர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டோம். ஒவ்வொரு விரற்கடைக்கும் வேறு கித்தார் வாசித்தாற்போல் இருந்தது. இளைஞர் மூன்றாவதைத் தெரிந்தெடுத்தார், தந்தையார் நான்காவதை. தந்தையின் வாசிப்பாதலால் நான்காவதே நின்றது. அவ்விடத்தை முகத்துணியில் ஒட்டுத்தாளால் குறித்து வைத்தோம். மறுநாள் ஒலிவாங்கி இரண்டு விரற்கடை தவறி நின்றாலும் முதல்நாள் பதிவுடன் ஒட்டாது.

இரண்டு ஒலிவாங்கிகள் வைத்தால் இருமடங்கு சிறக்கும் என்பது பரவலான எண்ணம். நம் தட்பவெப்பத்தில் ஒலி, ஆயிரத்தில் ஒரு நொடியில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் செல்லும். இரண்டாவது ஒலிவாங்கி முதலாவதைக் காட்டிலும் 17 சென்டிமீட்டர் பின்னால் இருக்குமாயின், 1,000 ஹெர்ட்ஸ் ஓசையின் மேடு ஒன்றிலும் பள்ளம் மற்றொன்றிலும் விழுந்து, இரண்டையும் கலக்கும்போது அவ்வோசை பெரிதும் அழிந்துபோகும். கிடைப்பது தகரக்குழாய்க்குள் வாசித்தது போன்ற ஒலி. தொடக்கத்தில் ஒன்றே போதும்.

அறையைப் பற்றிச் சில சொற்கள். சிமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பியடிக்கும். ஒலிபெருக்கிக்குப் பின்னும், ஒலிவாங்கிக்குப் பின்னும் ஒவ்வொரு பஞ்சு மெத்தையை நிறுத்திவிட்டால் பெரும்பகுதி அடங்கிவிடும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைப்பதும் உதவும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் வழக்கத்தால் பயன் மிகச் சிறிது. தீப்பிடிக்கும் அபாயமோ பெரிது. மழை நாளில் மரம் வெட்டு இல்லை, ஆதலால் பதிவுக்கு நேரம் உண்டு என்று எண்ணினால், துத்தநாகக் கூரை நம்மைப் பார்த்துச் சிரிக்கும். வேலை உள்ள நாளின் மாலை நான்கு மணியே நமக்கு வாய்த்த நேரம். அதுவும் வானம் பார்த்துத்தான்.

ஒலிபெருக்கியே இல்லாதவர்கள் கித்தாரை நேரே கணினியில் இணைக்கலாம். அதற்கு ‘இன்டர்பேஸ்’ எனப்படும் இணைப்புப் பெட்டி தேவை. அதில் கித்தாருக்கென்று குறிக்கப்பட்ட துளையில்தான் செருக வேண்டும். ஒலிவாங்கித் துளையில் செருகினால் ஒலி மந்தமாகும். நேராக இணைத்துக் கேட்கும் ஒலி மெலிந்தும், கரகரப்பு ஏற்றினால் தேனீக்கூட்டம்போலும் இருப்பது கண்டு பலர் மனம் தளர்கின்றனர். கித்தார் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு ஏறத்தாழ 5,000 ஹெர்ட்சுக்குமேல் ஒலியை எழுப்ப இயலாமல் வெகுவாகச் சரிந்துவிடும். கூம்பின் இக்குறையே மின்கித்தாரின் தொனிக்கு நிறைவாக அமைந்துள்ளது. நேரே இணைக்கும்போது அக்கூம்பு நடுவில் இல்லை. எனவே கூம்பையும் பெட்டியையும் போலச் செய்யும் மென்பொருளைச் சேர்த்தாக வேண்டும். இலவசமாகக் கிடைப்பவையே நன்றாக உள்ளன.

பதிவு அளவு குறித்து நீண்ட விளக்கம் தேவையில்லை. கணினியில் சுழியம் டெசிபல் என்பது கூரை. அதில் இடித்தால் ஒலி உடையும், பின்னர் ஒட்டாது. வலுவாக மீட்டும் இடத்தில் கூரைக்கு 10 முதல் 12 டெசிபல் கீழே நிற்குமாறு அளவை வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் தாழ்ந்த அளவினால் தீங்கொன்றும் இல்லை.

இனி ஆலை வேலை. ஒலிக்கலவையில் முதற்கேள்வி, கித்தார் தனியே எவ்வாறு ஒலிக்கிறது என்பதன்று; பாட்டுக்குள் எவ்வாறு அமர்கிறது என்பதே. கித்தாரின் தடித்த கம்பி அடிச்சுருதியில் 82 ஹெர்ட்சில் அதிர்கிறது. அதற்குக் கீழே இருப்பவை காலடியும் மேசை அதிர்வுமே. 80 ஹெர்ட்சுக்குக் கீழ் வெட்டிவிடலாம். பாஸ் கித்தாரோ, உறுமியோ, தபேலாவோ உடன் வாசிக்கும் பாடலாயின் 100 வரை துணிந்து வெட்டலாம். தனியே கேட்டால் மெலிந்தது போலிருக்கும், கூட்டத்தில் அது தெரியாது. ஒலி சேறாகத் தோன்றினால் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள். பாடகரின் சொற்கள் தெளிவாகக் கேட்க உதவும் பகுதி 2,000 முதல் 4,000 வரை. கித்தாரின் முகமும் அங்கேயே. பாட்டு நடக்கையில் கித்தாரை அப்பகுதியில் சிறிது தாழ்த்தி, இடையிசை வரும்போது மீண்டும் உயர்த்தினால் இருவருக்கும் இடமுண்டு. 8,000-க்குமேல் பெரும்பாலும் சீறலே. அதை வெட்டுவதில் இழப்பில்லை.

ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தபின், மாற்றியதையும் மாற்றாததையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேட்பது முக்கியம். சத்தம் கூடினால் எதுவும் சிறந்ததாகவே தோன்றும். நம் செவியின் இப்பலவீனத்தால் விற்பனையாகும் கருவிகள் ஏராளம்.

கித்தாரை இடமும் வலமுமாக விரித்துப் பெரிதாக்க விரும்புவோர், ஒரே பதிவைப் படியெடுத்து இரு பக்கமும் வைப்பது வீண்வேலை. இரண்டும் ஒன்றே ஆதலால் செவி அதை நடுவிலுள்ள ஒரே கித்தாராகவே கேட்கும். சத்தம் மட்டும் கூடும். அதே பகுதியை இரண்டாம் முறை வாசித்து, ஒன்றை இடத்திலும் மற்றதை வலத்திலும் வைக்க வேண்டும். இரு வாசிப்புக்கும் இடையே கை செய்யும் மிகச் சிறிய வேறுபாடுகளே அந்த அகலத்தைத் தருகின்றன. லெஸ் பால் தம் கொட்டகையில் செய்தது ஏறக்குறைய இதுவே. எதிரொலியை உப்பைப்போல் சேருங்கள்: அணைத்தால்தான் இருந்தது தெரிய வேண்டும். முடிந்த கலவையைக் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலும், காரிலும், காதணியிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். உறவினர்கள் கேட்கப்போவது அவற்றில்தான்.

சிலியாவ் வீட்டில் தந்தையார் மூன்று மாலைகளில் ஐந்து பாடல்களின் கித்தார்ப் பகுதியை வாசித்தார். விரல்களில் பழைய வேகம் இல்லை என்று அவரே சொன்னார். இரண்டோர் இடத்தில் சுரம் தவறியது. மகன் அதைக் கணினியில் வெட்டி ஒட்டித் திருத்த முனைந்தபோது, வேண்டாம் என்று தடுத்துவிட்டு, அவ்விடத்தை முழுவதுமாக மீண்டும் வாசித்தார். மூன்று பெடல்களுள் ஒன்றுகூட இணைக்கப்படவில்லை. ஒரு பாடலின் நடுவே அடுத்த வீட்டுச் சேவல் கூவியது பதிவாகியிருந்தது. அதை நீக்குவதா வைப்பதா என்று வீட்டில் வாக்குவாதம் நடந்து, வைப்பதென்று முடிவாயிற்று. லயம் காலியாகும்போது சேவலும் போய்விடும் என்றார் அம்மையார்.

பதிவு செய்த மூலக்கோப்புகளைச் சுருக்காமல் ‘வேவ்’ வடிவிலேயே வைத்திருங்கள். கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என மூன்று படிகள் இருக்கட்டும். கோப்பின் பெயரில் பாடல், வாசித்தவர், தேதி ஆகியவற்றுடன் தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள்.